விழுந்த பல்லின் இடத்தில் எதை வைப்பது? இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல்: ஓர் ஒப்பீடு

ஒருவருக்குக் கீழ்வாயில் ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டார்கள். பெங்களூர் அல்சூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பல் மருத்துவர், "பிரிட்ஜ் போட்டுவிடலாம், பத்து நாளில் முடிந்துவிடும்" என்கிறார். மகள் இந்திரா நகரில் கூட்டிக்கொண்டுபோன கிளினிக்கில், "இம்ப்ளான்ட்தான் சரி" என்று ஐம்பதாயிரத்துக்கு ஒரு மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுக்கிறார்கள். ஊரிலிருந்து அண்ணன் போனில், "எதுக்குப்பா இவ்வளவு செலவு? கழற்றி மாட்டுற பல் வாங்கிக்க. இல்லேன்னா அப்படியே விடு, எனக்கு ரெண்டு பல் இல்ல, நான் சாப்பிடலையா?" என்கிறார். வாசகர்களிடமிருந்து வரும் பல் பற்றிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த நான்கு பதில்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுடையவை. இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் ஒரு திருகை இறக்கி அதன்மேல் வைக்கும் பல். பிரிட்ஜ் என்பது இரண்டு பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பொய்ப்பல்.

இந்த நான்கு பதில்களுமே சரியாக இருக்கக்கூடியவை. ஆனால் ஒரே வாய்க்கு அல்ல. எது உயர்ந்தது என்று கேட்டால் விலை அதிகமானதைத்தான் காட்டுவார்கள். பல் போன இடத்துக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது, கீழே எவ்வளவு எலும்பு இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் தானாகவே குறுகி வந்துவிடும். பல நேரம் அது மலிவான பதிலாகவும் இருக்கும்.

## அதற்கு முன்: அந்தப் பல்லை எடுத்தே ஆகவேண்டுமா?

பல் இன்னும் வாயில் இருக்கிறதென்றால் முதல் ஒப்பீடு இதுதான். சொத்தை ஆழமாகப் போயிருக்கிறது, வீங்கி வலிக்கிறது என்பது மட்டும் பல்லைப் பிடுங்கக் காரணம் ஆகாது. ரூட் கனால் செய்து (கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்து), மேலே கேப் என்கிற உறை போட்டால் பெங்களூரில் ஏறத்தாழ 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் முடியும். சொந்தப் பல்லும் மிஞ்சும். மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: வேர் நெடுக விரிசல் விட்டிருக்கிறதா? ஈறுக்கு மேலே கேப் பிடித்து நிற்கிற அளவுக்குப் பல் மிச்சமிருக்கிறதா? சுற்றியுள்ள எலும்பு பாதிக்கு மேல் கரைந்து பல் ஆடுகிறதா? வேர் பிளந்துவிட்டாலோ, பல் நன்றாக ஆடினாலோ எடுப்பதுதான் வழி. இவை எதுவும் இல்லாமல், "எப்படியும் இது போய்விடும், இப்போதே எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்துவிடலாம்" என்று சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். காப்பாற்ற நியாயமான வாய்ப்பு இருக்கிற பல்லைப் பிடுங்கி அந்த இடத்தில் திருகு வைப்பதை நான் எந்த விலைக்கும் ஏற்கமாட்டேன்.

எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், எடுப்பதற்கு முன்பே அடுத்து என்ன என்று முடிவு செய்வது நல்லது. பல் போனதும் அதைப் பிடித்திருந்த எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது, கரைய ஆரம்பிக்கிறது. முதல் ஒரு வருடத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் கிட்டத்தட்டப் பாதிவரை குறையலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். பின்னால் இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், பல்லை எடுக்கும் நாளிலேயே அந்தக் குழியில் எலும்புத்தூள் நிரப்பி வைக்கலாமா என்று கேட்கலாம். அதற்கு ஆகும் சில ஆயிரங்கள், இரண்டு வருடம் கழித்துச் செய்யும் பெரிய எலும்பு ஒட்டுக்கு முன்னால் சின்னத் தொகை.

## எதை வைத்து எடை போடுவது?

முதலாவது, பக்கத்துப் பற்கள். காலி இடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் பற்கள் கீறல் படாத நல்ல பற்களா, பெரிய ஃபில்லிங் இருக்கிறதா, ஏற்கெனவே ரூட் கனால் ஆகிக் கேப்புக்காகக் காத்திருக்கிறவையா? பின்னால் பல்லே இல்லையா? என்னைக் கேட்டால் முடிவின் பாதி இங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, எலும்பு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாய் முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும். அகலத்தைக் காட்ட சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும்.

மூன்றாவது, உடம்பு: சர்க்கரை, புகை, குட்கா, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை.

நான்காவது, நேரமும் அலைச்சலும். இது பெங்களூருக்கு மிகவும் பொருந்தும். ஒயிட்ஃபீல்டில் வேலை, மல்லேஸ்வரத்தில் மருத்துவர் என்றால் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். தங்கவயலிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒரு முழு நாள். எத்தனை தடவை வரவேண்டும் என்பது விலைப்பட்டியலில் இருக்காது.

ஐந்தாவது, பணம். இன்று கட்டுகிற தொகையை மட்டும் பார்க்காமல் பதினைந்து, இருபது வருடத்துக்கு ஆகிற தொகையைப் பார்க்க வேண்டும். அப்புறம் கடைசியாக ஒன்று: தினமும் அதைச் சுத்தம் செய்யும் கையும் பொறுமையும் யாருக்கு இருக்கிறது என்பது. எண்பது வயதுப் பாட்டிக்கும் நாற்பது வயதுப் பேரனுக்கும் இதில் ஒரே பதில் வராது.

## இம்ப்ளான்ட்

சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-ல் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன ஒரு சிறு கருவியைப் பொருத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் அதே வழியில் முதல் மனிதருக்குப் பல் பொருத்தினார். இன்று நம் தெருமுனைக் கிளினிக்கில் வைக்கும் திருகும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. எலும்பு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை எந்த விளம்பரத்தாலும் ஒழித்துவிட முடியாது.

செய்முறை இதுதான். மரத்துப்போகும் ஊசி போட்டு, தாடை எலும்பில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட டைட்டானியத் திருகை இறக்குகிறார்கள். ஒரு திருகுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. பல்லைப் பிடுங்கும்போது இருந்த வலியைவிடக் குறைவு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். பிறகு கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம், எலும்பு மிருதுவான மேல்தாடையில் நான்கிலிருந்து ஆறு மாதம் காத்திருப்பு. அதன்பின் திருகின் மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்குமேல் கேப்.

இதன் பெரிய லாபம், பக்கத்துப் பற்களைத் தொடுவதே இல்லை. கடிக்கும் அழுத்தம் எலும்புக்குப் போவதால் அந்த இடத்து எலும்பும் கரையாமல் நிற்கிறது. பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நிலைத்திருக்கின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற கணக்கு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். திருகு, இணைப்பு, கேப் மூன்றும் சேர்த்து பெங்களூரில் ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 25,000 முதல் 60,000 ரூபாய் கேட்கிறார்கள். கொரிய, இஸ்ரேலியத் தயாரிப்புகள் குறைந்த பக்கத்திலும், ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்றவை மேல் பக்கத்திலும், சில இடங்களில் அதையும் தாண்டியும் இருக்கும். விளம்பரப் பலகையில் பார்க்கும் சின்னத் தொகை பெரும்பாலும் திருகுக்கு மட்டும்தான். எலும்பு போதவில்லை என்றால் எலும்பு ஒட்டு தனி. மேல் கடைவாய்ப்பல் இடம் என்றால் அதற்கு நேர் மேலே சைனஸ் என்கிற முகக்குழி இருக்கிறது. பல் போய் வருடங்கள் ஆனவர்களுக்கு அந்தக் குழி கீழே இறங்கி எலும்பு மெலிந்திருக்கும். அதன் தரையை உயர்த்தி எலும்பு நிரப்புவதற்கு இன்னும் பதினைந்து, இருபதாயிரமோ அதற்கு மேலோ ஆகும், காத்திருப்பும் நீளும். இருபது வருடத்தில் மேலே இருக்கும் கேப்பை ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரலாம். திருகு நன்றாக இருந்தாலும் பீங்கான் உடையும், தேயும்.

இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது. அதனால் கவனம் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு மெல்லிய நார்ப்படலம் உண்டு. கல்லைக் கடித்தால் உடனே சுளீர் என்பது அதனால்தான். இம்ப்ளான்டில் அந்தப் படலம் இல்லை. அழுத்தம் கூடினாலும் தெரியாது, ஈறில் சீழ் பிடித்தாலும் வெகுநாள் வலிக்காது. சுற்றியுள்ள எலும்பு கரைந்து திருகு ஆடும்போதுதான் தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம், வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈறு நோயால் பல்லை இழந்தவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். பல்லைத் தின்ற நோய் இம்ப்ளான்டையும் தின்னும்.

யாருக்கு இது வேண்டாம், அல்லது இப்போது வேண்டாம்? பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டாம். தாடை வளரும், திருகு வைத்த இடத்திலேயே நிற்கும், நாலு வருடத்தில் முன்பல் ஒன்று மட்டும் மேலேறிக் குட்டையாகத் தெரியும். வண்டியிலிருந்து விழுந்து முன்பல் போன பிள்ளைகளின் பெற்றோர் அவசரப்படுவது புரிகிறது, ஆனாலும் காத்திருப்பதுதான் சரி. சர்க்கரை இருப்பவர்கள் ஒருநாள் வெறும் வயிற்றில் எடுத்த அளவைக் காட்டினால் போதாது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், திருகு பிறகு. பீடி, சிகரெட் பழக்கம் தோல்வியின் வாய்ப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. குட்கா போட்டு வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காதவர்களுக்குக் கருவியை உள்ளே கொண்டுபோவதே கஷ்டம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு முறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசி, வாரம் ஒரு முறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை, புற்றுநோய்க்காக எலும்புக்குப் போடும் ஊசிகள் ஆகியவை தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடியவை. வீட்டில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இப்படி ஏதாவது போட்டிருந்தால், இம்ப்ளான்டுக்கு மட்டுமில்லை, பல் பிடுங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பல் மருத்துவர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாங்களே நிறுத்திவிடக் கூடாது.

பலர் கேட்கும் ஒரு சந்தேகம்: இம்ப்ளான்ட் வைத்தால் பின்னால் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா? முடியும். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பகுதியை எடுக்கும்போது படத்தில் கொஞ்சம் நிழல் விழலாம், அவ்வளவுதான்.

## பிரிட்ஜ்

காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் செதுக்கி, அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் ஒரு பொய்ப்பல்லைச் சேர்த்து மூன்றையும் ஒரே துண்டாக ஒட்டுவது. இரண்டு மூன்று தடவை போய்வந்தால் போதும், இரண்டு வாரத்துக்குள் கல்யாணத்துக்குச் சிரித்துக்கொண்டு போகலாம். அறுவை இல்லை. சர்க்கரை, எலும்பு மருந்து போன்ற கவலைகளும் குறைவு.

விலையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் உள்ள சாதாரண வகை ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பல்லுக்கு, 4,000 முதல் 8,000. உலோகம் இல்லாத சிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கான் வகை என்றால் 8,000 முதல் 15,000. ஒரு பல் போனதற்கு மூன்று யூனிட் கட்ட வேண்டும். ஆக நல்ல சிர்கோனியா பிரிட்ஜின் விலை, நடுத்தர இம்ப்ளான்ட் ஒன்றின் விலையைத் தொட்டுவிடுகிறது. "பிரிட்ஜ் பாதி விலைதான்" என்பது சாதாரண உலோகப் பீங்கானுக்கு மட்டும் உண்மை.

பணத்தைவிடப் பெரிய விலை செதுக்கப்படும் பற்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்வரை பல்லின் மேற்பரப்பை எடுத்துவிட்டால் அது திரும்ப வளராது. அப்படிச் செதுக்கிய பற்களில் சிலவற்றுக்கு நரம்பு செத்துப்போய், பின்னால் ரூட் கனால் வேண்டிவரும். ஒட்டியிருக்கும் பிரிட்ஜில் துளை போட்டுத்தான் அதைச் செய்வார்கள். நடுப்பல்லுக்கு அடியில் உணவு தங்கும். சாதாரண பிரஷ் அங்கே போகாது. இடைப்பல் பிரஷோ தடித்த நூலோ வைத்து ராத்திரி ராத்திரி துடைக்காவிட்டால் கேப்புக்கு அடியில் சொத்தை பிடிக்கும். அது வெளியில் தெரியாது. ஒரு பக்கப் பல் போனால் மூன்றும் போகும், ஒன்றாக ஆரம்பித்த காலி இடம் இரண்டாகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து முதல் பதினைந்து வருடம், சிலருக்கு அதற்கு மேலும் வரும்.

இத்தனை சொன்னதால் பிரிட்ஜ் மட்டமானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே ரூட் கனால் ஆனவை, அல்லது பெரிய ஃபில்லிங் தாங்கி எப்படியும் கேப் தேவைப்படுகிறவை என்றால் கணக்கே தலைகீழ். எப்படியும் போடவேண்டிய இரண்டு கேப்புகளோடு நடுப்பல்லும் கிடைத்துவிடுகிறது. அங்கே இம்ப்ளான்ட் வைத்து, அப்புறம் இரண்டு கேப்பும் போட்டால்தான் வீண் செலவு. ஆறு மாதத்தில் வேலை மாறி வெளிநாடு போகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள், அறுவையே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் பிரிட்ஜ் கௌரவமான வழி. பக்கத்துப் பற்கள் இரண்டும் கீறல் படாதவை என்றால் மட்டும் நான் பிரிட்ஜுக்குச் சம்மதிக்கத் தயங்குவேன். கடைசிக் கடைவாய்ப்பல் போய், பின்னால் பிடிக்கப் பல்லே இல்லை என்றால் இந்த வழி பொதுவாகக் கிடையவே கிடையாது.

முன்பல் ஒன்றுக்கு மட்டும், பக்கத்துப் பல்லின் உள்பக்கத்தில் சின்ன இறக்கை மாதிரி ஒட்டும் மேரிலாண்ட் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. செதுக்கல் மிகக் குறைவு. வளரும் பிள்ளைகளுக்கு, இம்ப்ளான்ட் வைக்கும் வயது வரும்வரை, இது நல்ல ஏற்பாடு. எப்போதாவது பெயர்ந்து வரும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

## கழற்றி மாட்டும் பல்

மிகவும் மலிவு. ஒன்றிரண்டு பல்லுக்கு அக்ரிலிக் தட்டில் வைத்துக் கம்பி மாட்டிக் கொடுப்பது 2,000 முதல் 5,000-க்குள் முடியும். ஆனால் தட்டு ஈறின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறது, கம்பி நல்ல பல்லை உரசுகிறது, எலும்பு கரைந்துகொண்டே போவதால் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். இளம் வயதில் இதை வெறுக்காதவர் குறைவு. இம்ப்ளான்ட் எலும்போடு சேரும்வரை முன்பல்லின் இடத்தை மறைக்கத் தற்காலிகமாக என்றால் கச்சிதமான தேர்வு.

பலரும் கேள்விப்படாதது வார்ப்பு உலோகத் தட்டு. கோபால்ட்-குரோமியக் கலவையில் மெல்லியதாக வார்த்து, அழுத்தத்தைப் பற்கள் தாங்கும்படி செய்வது. விலை 10,000 முதல் 25,000 வரை. இரண்டு பக்கமும் நாலைந்து பற்கள் போய், ஒவ்வொன்றுக்கும் இம்ப்ளான்ட் வைக்கப் பணமோ எலும்போ இல்லாதவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. கிளினிக்குகள் இதை அதிகம் பேசுவதில்லை. நீங்களே கேளுங்கள். வளையும் நைலான் தட்டு பார்க்க அழகு, கம்பி தெரியாது, ஆனால் ஈறை அழுத்தும், தளர்ந்தால் சரிசெய்வதும் கடினம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சந்தைத் தெருக்களில் ஐந்நூறு, ஆயிரத்துக்கு அங்கேயே குழைத்துப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிக் "கழற்றவே வேண்டாம்" என்று கொடுப்பார்கள். அது வேண்டவே வேண்டாம். அடியில் சுத்தம் செய்ய வழியே இல்லாமல் ஈறு அழுகி, நன்றாக இருந்த பற்களும் போய்விடும்.

## அப்படியே விடுவது

அண்ணன் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஞானப்பல் போனால் எதுவும் வைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் கடைசிக் கடைவாய்ப்பல் போனாலும், மற்றவை எல்லாம் சரியாகக் கடிபடுகின்றன, மெல்ல முடிகிறது என்றால் அப்படியே விடுவது தப்பில்லை. ஒழுங்காகக் கடிபடும் இருபது பற்கள் இருந்தால் மனிதர் நன்றாகச் சாப்பிடலாம் என்பது பல் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட கருத்து. எண்பது வயதில் இருபது பல் என்பதைக் குறிக்கோளாக வைத்து ஜப்பான் 1989 முதல் இயக்கமே நடத்துகிறது.

நடுவில் இருக்கும் பெரிய கடைவாய்ப்பல் போனால் மட்டும் கதை வேறு. பின்பல் முன்னால் சாயும், மேல்பல் காலி இடத்துக்குள் இறங்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து வந்தால் இம்ப்ளான்டுக்கும் இடம் இருக்காது, சாய்ந்த பல்லை முதலில் கம்பி போட்டு நிமிர்த்த வேண்டிவரும். பணம் இல்லாததால் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரேயாவது எடுத்துப் பக்கத்துப் பற்கள் நகர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | இம்ப்ளான்ட் | பிரிட்ஜ் | கழற்றி மாட்டுவது |
|---|---|---|---|
| பெங்களூரில் ஒரு பல்லுக்கு ஏறத்தாழ | 25,000–60,000 | 12,000–45,000 (மூன்று யூனிட்) | 2,000–5,000. வார்ப்பு உலோகம் 10,000–25,000 |
| முடிய ஆகும் காலம் | 3–6 மாதம், எலும்பு ஒட்டு என்றால் மேலும் | 1–2 வாரம் | 1–2 வாரம் |
| பக்கத்துப் பற்கள் | தொடுவதில்லை | செதுக்கியாக வேண்டும் | கம்பி உரசும் |
| எலும்பு | நிற்கும் | கரையும் | கரையும், வேகமாக |
| மறைந்த செலவு | எலும்பு ஒட்டு, வருட எக்ஸ்ரே, கேப் மாற்றம் | ரூட் கனால், உள்சொத்தை, முழுத்துண்டு மாற்றம் | தளர்ச்சி, திரும்பத் திரும்பச் சரிசெய்தல் |
| சிறந்தது | இருபக்கமும் நல்ல பற்கள், கடைசிக் கடைவாய்ப்பல் | இருபக்கமும் கேப் தேவை, அவசரம், அறுவை கூடாது | பல பற்கள் இல்லை, பணம் குறைவு, தற்காலிகம் |

## பல்லே இல்லாதவர்களுக்கு

இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் மிகவும் கஷ்டப்படுகிறவர்களும் மிகக் குறைவாகக் கேட்கிறவர்களும் இவர்கள்தான். மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஓரளவு நிற்கும். கீழ்ப் பல்செட் நிற்காது. நாக்கு தள்ளும், எலும்பு தேயத் தேய ஆடும். பல்செட் போட்டவரின் கடிக்கும் வலு இயற்கைப் பல்லில் கால்பங்கு அளவுக்குத்தான். என் அம்மா கீழ்ப் பல்செட்டைப் பாதி நேரம் முந்தானையில் முடிந்துதான் வைத்திருந்தார். ரசம் சாதம், குழைந்த இட்லி, அவ்வளவுதான் சாப்பாடு. விசேஷ வீட்டில் சாப்பிட மாட்டார், "பசியில்லம்மா" என்பார்.

2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதல் தேர்வாகவே இரண்டு இம்ப்ளான்ட் மேல் பூட்டி நிற்கும் பல்செட்டைச் சொன்னார்கள். முன்பக்கம் இரண்டு திருகு, பல்செட்டின் அடியில் இரண்டு பொத்தான். அழுத்தினால் "டக்" என்று மாட்டிக்கொள்ளும், ராத்திரி கழற்றலாம். பல்செட்டோடு சேர்த்து ஏறத்தாழ 80,000 முதல் ஒன்றரை லட்சம். சாதாரண முழுப் பல்செட் 15,000 முதல் 40,000. நாலு திருகின் மேல் அசையாமல் நிற்கும் வரிசை, ஒரு தாடைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். என் கணிப்பில், செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தருவது இரண்டு திருகின் மேல் மாட்டும் பல்செட் என்கிற நடு வழிதான். அசையாத வரிசை நல்லதுதான், ஆனால் அதன் அடியைச் சுத்தம் செய்யப் பெரியவர்களின் கை ஒத்துழைக்குமா என்று யோசியுங்கள். கழற்றக்கூடியதை மருமகளோ பேத்தியோ கழுவிக் கொடுக்கலாம்.

"மூன்று நாளில் முழு வரிசை" என்ற விளம்பரங்களைப் பற்றி ஒரு சொல். உடனே பல் மாட்டும் முறைகள் உண்மையிலேயே உண்டு. எலும்பு உறுதியாக இருந்து, திருகுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, அனுபவமுள்ளவர் செய்தால் நன்றாக வரும். எல்லா வாய்க்கும் மூன்று நாள் என்று சொல்பவரிடம் மட்டும் ஸ்கேன் பார்த்த பிறகு அதே வாக்கைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

## பெங்களூரில் எங்கே, எப்படி

பணம் இடிக்கிறது என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்காதீர்கள். கோட்டைப் பகுதியில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குக் டவுனில் எம்.ஆர். அம்பேத்கர் கல்லூரி, வி.வி. புரத்தில் வி.எஸ். கல்லூரி, ஜெயநகர், ஜே.பி. நகர்ப் பக்கம் வசிப்பவர்களுக்கு ஆர்.வி. கல்லூரி. முதுகலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகமாகும், தனியார் கிளினிக்கை ஒப்பிடக் கட்டணம் கணிசமாகக் குறையும். ஓய்வுபெற்றவர்களுக்கு இந்தப் பண்டமாற்று லாபமானது. பி.பி.எல். அட்டை வைத்திருக்கும் முதியோருக்கு முழுப் பல்செட்டை இலவசமாகக் கொடுக்க கர்நாடக அரசு "தந்த பாக்ய" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தகுதி என்ன, இப்போது எங்கே கொடுக்கிறார்கள் என்று அரசுக் கல்லூரியில் அட்டையோடு போய்க் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு உதவும் என்று எண்ண வேண்டாம். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்த நிலை தவிர, பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஒதுக்கிவிடுகின்றன. கிளினிக்கில் தவணை கொடுப்பார்கள். வட்டி இல்லை என்றாலும் நடைமுறைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுத் தாளை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். திருகு, இணைப்பு, கேப், எலும்பு ஒட்டு, ஸ்கேன் ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் இருக்கட்டும். திருகு எலும்போடு சேராமல் கழன்றால் மறுபடி வைக்க யார் பணம் கொடுப்பது என்பதும் அதில் இருக்கட்டும். அறுவையை யார் செய்வார்கள், கேப்பை யார் செய்வார்கள், இருவரும் அதே கிளினிக்கில் இருப்பவர்களா, வெளியிலிருந்து வந்துபோகும் நிபுணரா என்று கேளுங்கள். வந்துபோகும் நிபுணர் என்றால் தப்பில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து இணைப்பு தளர்ந்தால் யாரைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டுப் பெரியவருக்குச் சிகிச்சை என்றால் தமிழில் பேசுகிற மருத்துவரைத் தேடுவது வீண் வேலை இல்லை. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிரேசர் டவுனிலும் தேடினால் கிடைப்பார்கள். ராத்திரி எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பதை அவரே தன் வாயால் சொல்ல முடியும்.

இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டால், அந்தத் திருகின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல், அளவு, தொகுப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். பெங்களூரில் இருப்பவர் நாளைக்குச் சென்னைக்கோ துபாய்க்கோ போகலாம். பத்து வருடம் கழித்து அங்கே இணைப்புத் துண்டை மாற்ற வேண்டுமானால், எந்தத் தயாரிப்பு என்று தெரியாமல் அந்த மருத்துவரால் பொருத்தமான உதிரிப்பாகத்தை வாங்க முடியாது. ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.